சங்கத்துக் கிண்ணத்தை எங்கே வைப்பது: சுகததாசவா, ரேஸ்கோர்ஸா, சின்னக் கிரவுண்டா, டர்ஃபா?

ஒவ்வொரு வருடமும் இதே கேள்விதான். யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹட்டனிலோ இருக்கிற ஒரு பள்ளிக்கூடத்தின் பழைய மாணவர் சங்கம், அதன் கொழும்புக் கிளை, வருடத்துக்கொரு உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி. கமிட்டியில் பதினொரு பேர் என்றால் நாலு பேருக்கு சுகததாச விளையாட்டரங்கு வேண்டும், மூன்று பேருக்கு ரேஸ்கோர்ஸ் மைதானம் வேண்டும், இளசுகளுக்கு டர்ஃப் என்ற செயற்கைப் புல் திடல் வேண்டும், பொருளாளருக்கு எதுவுமே வேண்டாம். போன கிழமையும் இரண்டு சங்கத்து ஆட்கள் கேட்டார்கள். தனித்தனியாகப் போனில் அரை மணித்தியாலம் கதைப்பதை விட ஒரே தடவையாக எழுதிவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் பெரிய நிபுணன் ஒன்றும் இல்லை. ஏழெட்டு வருடம் கமிட்டியில் இருந்து கதிரை தூக்கியிருக்கிறேன், சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கிறேன், ஒரு தடவை கோல் வலை கட்டப் போய் உப்புக்காற்றில் துருப்பிடித்த கொக்கி உள்ளங்கையைக் கிழித்து ஏற்புவலி ஊசியும் போட்டுக்கொண்டேன். அவ்வளவுதான் தகுதி.

முதலில் சோற்றுப் பார்சலை எண்ணுங்கள்

கிரவுண்ட் பார்க்கப் போவதற்கு முதல் எத்தனை பேர் வருவார்கள் என்று ஒரு கடதாசியில் எழுதுங்கள். தலைவர் மேடையில் சொல்லும் எண்ணிக்கை வேண்டாம், போன வருடம் எத்தனை சோற்றுப் பார்சல் முடிந்தது என்ற எண்ணிக்கை. 16 அணி, அணிக்கு எழுவர், மாற்று வீரர் மூன்று பேர் என்றால் விளையாடுகிறவர்களே 160 பேர். அவர்களோடு வரும் வீட்டுக்காரி, பிள்ளைகள், சும்மா வந்த சிநேகிதன், மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குச் சரியாக வந்து சேரும் பழைய அதிபர் எல்லாரையும் கூட்டினால் 400, நல்ல வருடமென்றால் 500. இந்த 500 பேரை 25,000 பேர் இருக்கக்கூடிய ஓர் அரங்கில் கொண்டுபோய் இருத்தினால் நூற்றுக்கு இரண்டு இருக்கைதான் நிரம்பும். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசியுங்கள், ஏனென்றால் கமிட்டிக் கூட்டங்களில் யாருமே கேட்காத கேள்வி இதுதான்.

அடுத்தது நேரக் கணக்கு. 16 அணியை நாலு குழுவாகப் பிரித்தால் குழுநிலையில் மட்டும் 24 ஆட்டம், அதோடு காலிறுதி 4, அரையிறுதி 2, இறுதி 1, மொத்தம் 31. பத்துப் பத்து நிமிடமாக இரண்டு பாதி, நடுவில் இரண்டு நிமிடம், அணி மாற மூன்று நிமிடம் என்று ஆட்டத்துக்கு 25 நிமிடம் வைத்தால் 775 நிமிடம், அதாவது 13 மணித்தியாலத்துக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே ஆடுகளத்தில் ஒரே நாளில் இது நடக்காது. முழு மைதானத்தைக் குறுக்காக இரண்டாகப் பிரித்தால் ஆறரை மணித்தியாலம், காலை 8 மணிக்குத் தொடங்கினால் சாப்பாடு, பேச்சு, பொன்னாடை எல்லாம் போக பின்னேரம் 4 மணிக்கு முடிக்கலாம். தோற்றால் வெளியே என்ற விலகல் முறை என்றால் 15 ஆட்டத்தில் முடிந்துவிடும், உண்மைதான், ஆனால் வவுனியாவிலிருந்து இரவோடு இரவாக வான் பிடித்து வந்த அணி 8.25க்குத் தோற்றுப்போய் வாங்கில் இருந்து மற்றவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும். அடுத்த வருடம் அவர்கள் வரமாட்டார்கள்.

மூன்றாவது மழை. மே தொடங்கி செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை விடப் பொல்லாதது ஏப்ரலும் ஒக்டோபர், நவம்பரும்: காலையில் கண்ணைப் பறிக்கும் வெயில், பின்னேரம் மூன்று மணிக்கு இடி. மின்னல் விஷயத்தில் உலகம் முழுக்க வைத்திருக்கும் வழக்கம், கடைசி இடிச்சத்தம் கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் திடலில் இறங்கலாம் என்பது. இன்னொரு இடி கேட்டால் மறுபடி பூச்சியத்திலிருந்து எண்ண வேண்டும். ஜனவரி, பெப்ரவரிதான் கொழும்புக்கு நல்ல காலம். மார்ச்சில் வானம் பரவாயில்லை, ஆனால் பாடசாலைகள் மோதும் கிரிக்கெட் பிக் மெச் காலம், உங்கள் ஆட்களில் பாதிப்பேர் அங்கே நிற்பார்கள்.

நாலாவது, யார் எங்கிருந்து வருகிறார்கள் என்பது. வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிக் கூட்டம் ஒன்று, கொட்டாஞ்சேனை, மட்டக்குளி, வத்தளைக் கூட்டம் இன்னொன்று. ஒரு பக்கத்துக்கு வசதியான இடம் மற்றப் பக்கத்துக்கு ஞாயிற்றுக்கிழமையிலும் முக்கால் மணித்தியாலம். பிறகு, இந்தக் காலத்தில் ஐந்தாவதாக ஒன்றும் சேர்ந்துவிட்டது: நேரலை. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் இருந்து காசு அனுப்புகிறவர்கள் படுக்கையில் இருந்தபடி போனில் பார்ப்பார்கள். கமராவுக்குப் பின்னால் என்ன தெரிகிறது என்பதும் இப்போது கமிட்டியின் கவலை.

அவசரக்காரர்களுக்கு என் கணக்கில் ஒரு சின்ன அட்டவணை:

| | சுகததாச | ரேஸ்கோர்ஸ் | சின்ன உதைபந்துக் கிரவுண்ட் | டர்ஃப் |
|---|---|---|---|---|
| எத்தனை பேர் வந்தால் வடிவு | ஆயிரக்கணக்கில் | ஆயிரம், இரண்டாயிரம் | 200 முதல் 800 | நூற்றுச் சொச்சம் |
| பார்ப்பவருக்கும் கோட்டுக்கும் | தூரம் | பரவாயில்லை | கத்தினால் கேட்கும் | வலைக்கு வெளியே மூக்கு |
| மழை வந்தால் | ஒதுங்க இடம் உண்டு | ஒதுங்கலாம், திடல் சேறாகலாம் | நனைவீர்கள் | ஆட்டம் தொடரும் |
| எதிர்பாராமல் தலையில் விழுவது | அரச நிகழ்வு வந்தால் தேதி | றக்பி அட்டவணை | கழிப்பறை, கூடாரம், லைட் | மணித்தியாலக் கணக்கு |

சுகததாச: பெருமைக்கு விலை உண்டு

பெயரிலிருந்தே தொடங்கலாம். கொழும்பு மேயராகவும் பிறகு விளையாட்டுத்துறை அமைச்சராகவும் இருந்த வி. ஏ. சுகததாசவின் பெயர். 1991இலும் 2006இலும் தெற்காசிய விளையாட்டு விழா நடந்தது இங்கேதான், 2002இல் ஆசிய மெய்வல்லுநர் போட்டி நடந்ததும் இங்கேதான். உதைபந்து ஆட்களுக்கு இதையெல்லாம் விடப் பெரியது 1995: தெற்காசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இலங்கை இந்தியாவை 1–0 என்று இதே திடலில் வென்றது. இந்த நாடு அந்தக் கிண்ணத்தை வென்ற ஒரே தடவை. அன்றைக்கு அங்கே நின்றதாகச் சொல்லும் ஆட்களை எல்லாம் கூட்டினால் அரங்கு இரண்டு தடவை நிரம்பும். கமிட்டியில் ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் சுகததாச என்று அடம்பிடிப்பது ஏன் என்று இப்போது விளங்கும்.

ஆனால் இது பல்நோக்கு அரங்கு, உதைபந்துக்காக மட்டும் கட்டியதல்ல. அதன் அர்த்தம் என்ன என்பதை ஒரு தடவை கணக்காகப் பாருங்கள். சர்வதேச அளவிலான 400 மீற்றர் ஓடுபாதையில் நேர்ப்பகுதி 84.39 மீற்றர், வளைவின் ஆரை 36.5 மீற்றர். அதற்குள் 105க்கு 68 மீற்றர் உதைபந்துத் திடலை வைத்தால், கோல் கோட்டின் நடுவிலிருந்து ஓடுபாதையின் உள்விளிம்புக்கே 26 மீற்றர். அதோடு எட்டு ஓடுவழி, ஒவ்வொன்றும் 1.22 மீற்றர், கிட்டத்தட்ட 10 மீற்றர். ஆக, கோலுக்குப் பின்னால் இருக்கும் ஆளுக்கும் கோலுக்கும் இடையில் குறைந்தது 36 மீற்றர், அதற்குப் பிறகுதான் முதல் வரிசையே தொடங்கும். உங்கள் மகன் அடித்த கோல் வலைக்குள் போனதா வலையின் வெளிப்பக்கத்தில் பட்டதா என்று பக்கத்தில் இருப்பவரிடம்தான் கேட்க வேண்டும். பக்கவாட்டில் 12, 13 மீற்றர்தான், அது தாங்கும். வேடிக்கை என்னவென்றால் மூலைக்கொடிப் பக்கம் இதற்கு நேர்மாறு. அங்கே வளைவு உள்ளே வந்துவிடுவதால் கொடிக்கும் ஓடுபாதை விளிம்புக்கும் ஒரு மீற்றர்தான். மூலை உதை அடிக்கிறவன் ஓடிவரத் தொடங்குவதே ஓடுபாதையில் இருந்துதான். செயற்கைப் பாதையில் அடியில் குமிழ் வைத்த கட்டைச் சப்பாத்தோடு ஓடினால் பாதை கிழியும், அதனால் எந்த ஓடுபாதை மைதானத்திலும் பொறுப்பாளர்கள் இந்த மூலையைத்தான் கழுகு மாதிரிப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பாய்விரிப்பு வாடகைக்கு எடுத்துப் போடச் சொன்னால் கோபப்படாதீர்கள், அவர்கள் பக்கமும் நியாயம் இருக்கிறது.

முழு மைதானத்தையும் இரண்டாகப் பிரிக்கும் யோசனை இங்கே சரிவருமா என்பதையும் முதலிலேயே கேளுங்கள். 68 மீற்றர் அகலத்தில் குறுக்காக 60க்கு 40 என்று இரண்டு எழுவர் ஆடுகளம் தாராளமாக வரும். ஆனால் அதற்கு நாலு சின்னக் கோல் கம்பம் வேண்டும், புல்லில் கூடுதலாகக் கோடு போட அனுமதி வேண்டும்.

அரங்கு இருக்கும் இடம் கொழும்பின் வடக்கு. கொட்டாஞ்சேனை, புளூமெண்டல், கிராண்ட்பாஸ் சுற்றிவர, துறைமுகம் கூப்பிடு தூரம். உதைபந்து உண்மையில் உயிரோடு இருக்கும் கொழும்பு இதுதான். ரட்ணம், ஓல்ட் பென்ஸ் உதைபந்துக் கழகங்கள் இரண்டும் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள். மட்டக்குளிக் கூட்டம் ஓட்டோவில் பத்து நிமிடத்தில் வந்துவிடும். வெள்ளவத்தைக்காரர் முணுமுணுப்பார்கள், 155ஆம் இலக்க பஸ் மட்டக்குளி வரை ஓடுகிறது என்று சொல்லிப் பாருங்கள், கேட்கமாட்டார்கள், காரில்தான் வருவார்கள். அப்போதுதான் அடுத்த பிரச்சினை தெரியும். பக்கத்திலேயே உள்ளரங்கு இருக்கிறது, அங்கே கட்சி மாநாடோ இசை நிகழ்ச்சியோ நடந்தால் அந்த வீதியில் வாகனம் நிறுத்த ஓர் அங்குலம் கிடைக்காது. உங்கள் தேதியை எழுதும்போதே உள்ளரங்கில் அன்றைக்கு என்ன என்று கேட்டுவிடுங்கள். இது தேசிய வளாகம், சட்டப்படி அமைந்த ஓர் அதிகார சபையின் கீழ் இருப்பது. தேசிய அணிப் பயிற்சியோ அரச நிகழ்வோ வந்தால் சங்கத்துக் கிண்ணம் ஒதுங்க வேண்டியதுதான், அதில் யாரையும் நோவதற்கில்லை.

எப்போது சுகததாசதான் சரி? உங்கள் நாள் வெறும் உதைபந்தாக இல்லாமல் விளையாட்டு விழாவாக இருந்தால். சின்னப் பிள்ளைகளின் 50 மீற்றர், பழைய மாணவிகளின் அஞ்சல் ஓட்டம், இல்ல அணிவகுப்பு, பாண்ட் வாத்தியம், கடைசியில் கிண்ணத்தின் இறுதியாட்டம். அப்போது அந்த ஓடுபாதை இடைஞ்சல் இல்லை, அதுதான் மேடை. இரண்டையும் பாவிக்கிறவனுக்குத்தான் பல்நோக்கு அரங்கு லாபம். அல்லது நாலைந்து பள்ளிக்கூடச் சங்கங்கள் சேர்ந்து ஒரே நாளில் வைத்தால் கூட்டமும் வரும், செலவும் பங்குபடும். தனிச் சங்கம், 400 பேர், எழுவர் ஆட்டம் என்றால் வேண்டாம். ஒலிவாங்கியில் அறிவிப்பாளர் பேசுவது எதிர்ப்பக்க வெற்று வாங்குகளில் பட்டுத் திரும்பி வரும், அந்தச் சத்தம் ஒரு மாதிரி மனதைக் கெடுக்கும்.

ரேஸ்கோர்ஸ்: கொழும்பு ஏழின் அழகு

குதிரைப் பந்தயத் திடல் என்று தமிழ்ப் பத்திரிகைகள் எழுதும், வாயில் வருவது ரேஸ்கோர்ஸ்தான். 1893இலிருந்து குதிரை ஓடிய இடம். இரண்டாம் உலகப்போரில் விமான ஓடுபாதையாக்கி, 1942 ஏப்ரல் 5 ஈஸ்டர் ஞாயிறன்று ஜப்பானியர் கொழும்பைத் தாக்கியபோது ஹரிக்கேன் விமானங்கள் எழும்பியது இங்கிருந்துதான். இன்றைக்குப் பழைய பார்வையாளர் மண்டபம் கடைத்தொகுதி, திடல் றக்பிக்கும் உதைபந்துக்கும். 10,000 பேரளவில் இருக்கலாம். தேசிய அணியின் அண்மைக்கால வீடு இதுதான்: 2021 நவம்பரில் நாலு நாட்டுக் கிண்ணம் இங்கே நடந்து, இறுதியில் சீஷெல்ஸிடம் தண்ட உதையில் தோற்றோம். 2023 ஒக்டோபரில் உலகக் கிண்ணத் தகுதிகாணில் யேமனோடு 1–1, 2024 மார்ச்சில் பப்புவா நியூகினியோடு 0–0.

ஓடுபாதை இல்லாததால் ஆட்டம் கிட்டத் தெரியும். பல்கலைக்கழகப் பக்கம், வெள்ளவத்தையிலிருந்து சுகம். வீட்டுக்காரிக்கு உதைபந்து அலுத்தால் கடைத்தொகுதியில் ஒரு கோப்பி குடித்துவிட்டு வரலாம், பிள்ளைகள் ஓடித்திரிய இடம் உண்டு. அனுசரணையாளர்களும் வருவார்கள். கொட்டாஞ்சேனைக்கு வரச் சொன்னால் காரியதரிசியை அனுப்பும் முதலாளி ரேஸ்கோர்ஸ் என்றால் தானே வந்து கைகுலுக்கிப் படம் எடுத்துக்கொண்டு போவார். இதைச் சொல்ல எனக்கு விருப்பமில்லை, ஆனால் உண்மை அதுதான்.

பாதகம் றக்பி. பாடசாலை, கழக றக்பி மும்முரமாக இருக்கும் மாதங்களில் நல்ல சனி, ஞாயிறு கிடைப்பது அதிர்ஷ்டம். கிடைத்தாலும் திடலின் நடுப்பகுதி உழுத வயல் மாதிரி இருக்கலாம். பதினாறு தடியர்கள் தோளோடு தோள் முட்டித் தள்ளிய இடத்தில் பந்து நிலத்தோடு உருளாது, துள்ளும். பழைய றக்பிக் கோடுகளுக்கு மேல் உங்கள் கோடும் விழும்போது பத்து வயதுப் பிள்ளைக்கு எது தண்டனைப் பகுதி என்றே தெரியாது. வேறு நிறச் சுண்ணாம்பு கேளுங்கள், தருவார்கள். கட்டணம் இந்த நாலு இடத்திலும் இங்கேதான் ஆகக் கூட என்று வைத்துக்கொண்டே பட்ஜெட் போடுங்கள், லைட்டுக்குத் தனி.

என் அபிப்பிராயம்: பதினொருவர் ஆட்டம், நாலு அணி, ஒரே பின்னேரம், இரவு லைட்டில் இறுதி, பெரிய அனுசரணை. இதற்கு ரேஸ்கோர்ஸ் பொருந்தும். 31 ஆட்டத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள்.

சின்ன உதைபந்துக் கிரவுண்ட்: யாரும் ஆசைப்படாத நல்ல தெரிவு

கொம்பனித்தெருவில் சிட்டி லீக் மைதானம், பொரளையில் கெம்பல் பார்க், வத்தளை, களனிப் பக்கத்துச் சபை மைதானங்கள், கிறிஸ்தவப் பாடசாலைகளின் திடல்கள் என்று இந்த வகை பல இருக்கின்றன. பெயரைச் சொன்னால் கனடாவில் யாருக்கும் தெரியாது. அதனால்தான் கமிட்டியில் யாரும் கை தூக்குவதில்லை.

ஆனால் 400 பேர் கோட்டைச் சுற்றி நின்றால் அது கூட்டம். பக்கக் கோட்டுக்கு ஒரு பாகம் தள்ளி நின்று, “டேய், இடது பக்கம் ஆளில்லை பார்!” என்று நீங்கள் கத்துவது விளையாடுகிறவனுக்குக் கேட்கும், அவன் திரும்பி முறைப்பதும் உங்களுக்குத் தெரியும். மூலை உதை எடுப்பவனின் சப்பாத்திலிருந்து தெறிக்கும் மண் முன்வரிசை அங்கிளின் பிளேன் டீக்குள் விழும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டோர் ஆட்டத்தில் எங்கள் பொருளாளர் அண்ணை பந்தை நிறுத்தப்போய் அதன் மேலேயே இருந்துவிட்டதை நாங்கள் எல்லாரும் ஆறடி தூரத்தில் பார்த்தோம், இன்றைக்கும் அவருக்கு அந்தப் பெயர் போகவில்லை. பெரிய அரங்கில் அது நடந்திருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும்?

குறை சொல்ல நிறைய உண்டு. நிழல் இருக்காது, கழிப்பறை இருக்கிறதா என்பதல்ல கேள்வி, பெண்கள் போகக்கூடியதாக இருக்கிறதா என்பதே கேள்வி, முதல் நாள் பின்னேரம் நேரே போய்த் திறந்து பாருங்கள். கோல் வலையில் பெரும்பாலும் ஓட்டை இருக்கும். கம்பத்தின் கொக்கிகள் உப்புக்காற்றில் தின்னப்பட்டிருக்கும், என் உள்ளங்கைத் தழும்பு சாட்சி. நைலோன் கயிறும் இரண்டு பழைய வலையும் சங்கத்தின் சொத்தாகவே வைத்திருங்கள்.

லைட் கதையையும் சொல்ல வேண்டும். மைதானத்தின் பெயர் வேண்டாம், பிழை பாதி எங்களுடையது. ஒக்டோபர் மாதம், சனிக்கிழமை. 2.40க்கு முதல் இடி. எல்லாரையும் கூடாரத்துக்குள் ஏற்றினோம். 3.05க்கு இரண்டாவது இடி, மறுபடி அரை மணித்தியாலம். மழை அவ்வளவாக இல்லை, ஆனால் சுண்ணாம்புக் கோடெல்லாம் கரைந்து பால் மாதிரி வழிந்து ஒரு மூலையில் தேங்கி நின்றது. அரையிறுதி தொடங்க 4 மணி தாண்டிவிட்டது. அந்த மாதத்தில் கொழும்பில் ஆறுக்குச் சற்று முதலே சூரியன் இறங்கிவிடும். லைட்டைப் போடச் சொன்னோம், லைட் உங்கள் பற்றுச்சீட்டில் இல்லை என்றார் பொறுப்பாளர், காசு தருகிறோம் என்றோம், சாவி இருக்கிற ஆள் வீட்டுக்குப் போய்விட்டார் என்றார். கடைசியில் இரண்டு வான்களைக் கோலுக்குப் பின்னால் நிறுத்தி முன்விளக்கைப் போட்டுத் தண்ட உதை அடித்தோம். கோல் காப்பாளர்கள் இருவரும் பந்தைப் பார்த்துப் பாயவில்லை, உதைக்கும் சத்தத்தைக் கேட்டுப் பாய்ந்தார்கள். அதற்குப் பிறகு நான் எந்த மைதானத்திலும் கேட்கும் முதல் கேள்வி வாடகை எவ்வளவு என்பதல்ல, லைட் சாவி யாரிடம் என்பது.

டர்ஃப்: இளசுகள் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது

செயற்கைப் புல், சுற்றிவர வலை, மணித்தியாலத்துக்கு இவ்வளவு. கொழும்பில் இப்போது மூலைக்கு மூலை முளைத்துவிட்டது. ஐவர் ஆட்டம், ஃபுட்சல் அளவில் 40க்கு 20 மீற்றர். பத்து நிமிட ஒரே பாதி, மூன்று நிமிட மாற்றம் என்றால் அதே 31 ஆட்டம் ஒரே ஆடுகளத்தில் ஆறே முக்கால் மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும். மழை பெய்தாலும் தண்ணீர் கீழே இறங்கிவிடும், இடி மட்டும் இல்லாவிட்டால் ஆடலாம், இரவு பத்து மணிக்கும் ஆடலாம். ஜூன், ஜூலையில்தான் வைக்க வேண்டும் என்று அடம்பிடிக்கும் சங்கத்துக்கு இதை விட்டால் வேறு வழியில்லை.

வாடகை வார இறுதிப் பின்னேரத்தில் ஏறும், ஏழு மணித்தியாலத்தால் பெருக்கிப் பாருங்கள், சின்னக் கிரவுண்டின் முழுநாள் வாடகையை அநேகமாகத் தாண்டிவிடும். கட்டைச் சப்பாத்துக்கு அனுமதி இல்லை, ஊரிலிருந்து வந்த பெடியன்களில் பாதிப்பேரிடம் அது மட்டும்தான் இருக்கும். மத்தியான வெயிலில் செயற்கைப் புல் இயற்கைப் புல்லை விட மிகக் கூடுதலாகச் சுடும், விழுந்து வழுக்கினால் முழங்கால் தோல் அங்கேயே நின்றுவிடும். எல்லாவற்றையும் விட, இருந்து பார்க்க இடமில்லை. வலையைப் பிடித்துக்கொண்டு எத்தனை மணித்தியாலம் நிற்பார்கள்? 35 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்கள் தங்களுக்குள் விளையாடி, கொத்து சாப்பிட்டுக் கலைவதற்கு அருமையான இடம். அம்மம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிற நாளுக்கு அல்ல.

காலி முகத்திடல், கடற்கரை என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். மாலைக்காற்றில் பத்துப் பேர் பந்து உதைக்க நல்லது. சுற்றுப்போட்டிக்கு வேண்டாம். பட்டம் விடுகிற பிள்ளைகளையும் இஸ்ஸோ வடை வண்டிகளையும் எழும்பச் சொல்ல நாங்கள் யார்?

வாடகைக்குப் பிறகு வரும் பில்

எந்த இடத்தை எடுத்தாலும் வாடகை என்பது பாதிக் கணக்குத்தான். மீளத் தரும் வைப்புப்பணம் என்று வாங்குவார்கள், அடுத்த நாள் குப்பை கிடந்தால் அதில் வெட்டு விழும். குப்பை என்றால் பெரும்பாலும் லஞ்ச் ஷீட்டும் தண்ணீர்ப் போத்தலும்தான், இரண்டு பெரிய உறையும் பொறுப்பாக நாலு பெடியன்களும் இருந்தால் போதும். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி தனியாக எடுக்க வேண்டும். ரிக்கெற் விற்கிற எண்ணம் இருந்தால் மாநகர சபையில் கேளிக்கை வரி பற்றி முதலே கேட்டுவிடுங்கள். யாராவது மருமகன் ட்ரோன் கொண்டுவருகிறேன் என்றால் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் அனுமதி இருக்கிறதா என்று கேளுங்கள், அத்தோடு அவர் ட்ரோனை மறந்துவிடுவார்.

மருத்துவ விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். 1990க்கு அடித்தால் சுவ செரிய அம்புலன்ஸ் வரும், இலவசம், ஆனால் அது அவசரத்துக்கு வருவது, உங்கள் மைதானத்தில் காலையிலிருந்து நிற்காது. முதலுதவி தெரிந்த இரண்டு பேர், ஐஸ், கட்டு, ஒரு தூக்குப்படுக்கை. வருடம் முழுக்க மேசையில் இருந்துவிட்டு ஒரு நாள் மட்டும் ஓடும் நாற்பது வயதுக்காரர்கள்தான் அதிகம் விழுவார்கள், பெடியன்கள் அல்ல.

பெயர்த்து வைக்கும் சின்னக் கோல் கம்பங்களைப் பற்றி ஒன்று. பின்சட்டத்தில் மண்மூட்டை வைக்காமல் ஒரு ஆட்டமும் தொடங்க வேண்டாம். பிள்ளைகள் தொங்குவார்கள், கம்பம் கவிழும், உலகத்தில் பல இடங்களில் உயிரே போயிருக்கிறது. மூட்டைக்கு ஆகும் காசு பெரிதில்லை.

மத்தியஸ்தர்களுக்குப் பணம், சாப்பாடு, போக்குவரத்து மூன்றும். இரண்டு ஆடுகளம் என்றால் குறைந்தது நாலு பேர், ஒருவரே ஆறு மணித்தியாலம் ஓடினால் நாலாவது மணித்தியாலத்தில் அவர் கொடுக்கும் தீர்ப்புக்கு அவர் பொறுப்பல்ல. பௌர்ணமிப் போயா தினத்தில் வைக்க யோசித்தால் மைதானம் திறக்குமா, சாப்பாட்டுக்காரர் கோழி சமைப்பாரா என்று இரண்டையும் கேளுங்கள். கடைசியாக, தேதியை உறுதிசெய்யும் முதல் ஒரு பின்னேரம் மூன்று மணிக்கு மைதானத்துக்குப் போய் வெயில் எந்தப் பக்கத்து வாங்கில் விழுகிறது என்று பாருங்கள். அந்த வாங்கில் பிரதம விருந்தினரை இருத்தினால் அவர் பேச்சைச் சுருக்குவார், அது ஒரு வழி.

போன கிழமை கேட்டவர்களில் ஒருவரிடம் ஒன்பது அணி, 250 பேரளவு, பெப்ரவரி. சின்னக் கிரவுண்ட் எடுங்கள், யோசிக்கவே வேண்டாம் என்றேன். தம்பி, தலைவர் ஏற்கெனவே கனடாவுக்கு சுகததாச என்று சொல்லிவிட்டார், அவர்கள் காசும் போட்டுவிட்டார்கள் என்றார். கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை. சரி, அப்படியென்றால் பிள்ளைகளின் ஓட்டப்போட்டி ஐந்தாறைச் சேர்த்து விளையாட்டு விழாவாக்கிவிடுங்கள், 250 பேரையும் நடுவாங்குகளில் நெருக்கி இருத்துங்கள், கமராவை எதிர்ப்பக்கத்தில் வைத்து அவர்களை நோக்கிப் பிடியுங்கள், என்ன கோல் விழுந்தாலும் அதைத் திருப்ப வேண்டாம் என்று கமராக்காரனிடம் சொல்லிவையுங்கள் என்றேன். எழுதிக்கொண்டார்.